ஒரே வண்டி, ரெண்டு டிரைவர்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா மச்சி" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதே" என்றேன். "அப்பாடா! இதுவரைக்கும் வந்ததெல்லாம் கவிதைதான். பாதி அம்மாவைப் பத்தி, பாதி நிலாவைப் பத்தி. நீயாவது வேற எதையாவது எழுது" என்றான்.

எனக்கு லேத், வெல்டிங் தவிரத் தெரிந்த ஒரே விஷயம் கார் ரேஸ். அதையே எழுதுகிறேன். எந்த வண்டி எவ்வளவு வேகம் என்கிற கதை இல்லை. ஒரே கம்பெனி, ஒரே கலர் சட்டை, ஒரே மாதிரி வண்டி... அப்படி ஒரே அணியில் ஓட்டுகிற ரெண்டு பேருக்கு நடுவில் நடக்கிற சண்டையைப் பற்றி. கடைசியில் நம்ம காலேஜ் கார்ட் கதையும் வரும். போன வருஷம் போட்டிக்குப் போய் ஓட்டாமலே திரும்பி வந்தோமே, அந்தக் கதைதான். அதில் நான் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சொல்தா தாத்தா நடத்திய பாடம்

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். தாத்தாவுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. நெல்லித்தோப்பில் இருக்கிற எங்க அப்பாவின் மெக்கானிக் கடைக்குத் தன் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருவார். அப்பா ப்ளக்கைக் கழற்றித் துடைக்கிற நேரத்தில் எனக்கு ரேஸ் கதை நடக்கும்.

தாத்தாவுக்கு உலகத்தில் ஒரே டிரைவர்தான். அலென் ப்ரோஸ்த். பிரெஞ்சுக்காரர், நாலு தடவை உலக சாம்பியன். நான் 'ப்ராஸ்ட்' என்று இங்கிலீஷ்காரன் மாதிரி சொன்னால் அடிக்கவே வருவார்.

ஒருநாள் கேட்டார்: "ரேஸ் ஓட்டுறவனுக்கு முதல் எதிரி யாருடா தம்பி?"

"அடுத்த கம்பெனி டிரைவர் தாத்தா."

"அதான் இல்ல. சொந்தக் கம்பெனியிலேயே ரெண்டாவது வண்டியில உட்கார்ந்திருக்கான் பாரு, அவன்தான்."

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணியும் தன் வண்டியைத் தானே வடிவமைத்துக் கட்டுகிறது. அதனால் அடுத்த அணிக்காரனிடம் தோற்றால், 'அவன் வண்டி நல்ல வண்டி' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கூட ஓட்டுகிறவனிடம் தோற்றால்? அதே வண்டி, அதே எஞ்சின், அதே டயர். சாக்குச் சொல்ல இடமே கிடையாது.

நம்ம வொர்க்‌ஷாப்பில் நடக்காததா? ஒரே லேத், ஒரே எம்.எஸ். ராடு. 25 மில்லிமீட்டருக்குக் கடையச் சொன்னால், நான் 25.3-ல் நிற்கும்போது என் பார்ட்னர் 25.02-ல் முடித்துவிட்டுக் கை துடைப்பான். நான் யாரைக் குறை சொல்வது? மிஷினையா? அதே மிஷின்தானே!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபார்முலா ஒன்னில் சாம்பியன் பட்டம் ரெண்டு. ஒன்று டிரைவருக்கு, ஒன்று அணிக்கு. ரெண்டு டிரைவரும் எடுக்கிற புள்ளியைக் கூட்டித்தான் அணியின் கணக்கு. அதாவது, பக்கத்து வண்டிக்காரன் நன்றாக ஓட்டினால்தான் என் அணிக்கு லாபம். அவன் நன்றாக ஓட்டினால் என் பெயருக்கு நஷ்டம். ரெண்டும் ஒரே ஆள்!

நம்ம கோயம்புத்தூர்க்காரர்

நாராயண் கார்த்திகேயன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி வீரர். வசதியான வீடு. வசதி இல்லாதவன் இந்த விளையாட்டின் வாசலைக்கூட மிதிக்க முடியாது என்பது வேறு விஷயம். 1992-ல், பதினைந்து வயதில், பிரான்சில் வின்ஃபீல்டு என்கிற ரேஸ் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டவர். ஊருக்கு வந்து நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஃபார்முலா மாருதி ஓட்டினார்.

2005 மார்ச் 6-ம் தேதி மெல்போர்னில் ஜோர்டான் அணியின் மஞ்சள் வண்டியில் அவருக்கு முதல் ரேஸ். பக்கத்து வண்டியில் போர்ச்சுகல்காரர் தியாகோ மான்டீரோ. அவருக்கும் அதுதான் முதல் ரேஸ். ரெண்டு பேருமே புதுமுகம். முடிவு என்ன தெரியுமா? நாராயண் 15, மான்டீரோ 16. அடுத்தடுத்த இடம்! ரெண்டு பேருக்கும் நடுவில் கோடு அன்றைக்கே போட்டாச்சு.

அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் போனில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவுக்குப் பின் டயர் போய் வண்டி சுவரில் மோதியது. அந்த டிராக்கின் சாய்வான 13-வது வளைவில் எங்க டயர் தாங்கும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது என்று மிச்செலின் கம்பெனி கைவிரித்துவிட்டது. பேச்சு நடந்தது, முடிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு முந்தைய சுற்று முடிந்ததும் மிச்செலின் டயர் போட்ட 14 வண்டியும் வரிசையாகப் பிட்டுக்குள் போய்விட்டன. மைதானத்தில் நின்றது ஆறே வண்டி. ஃபெராரி ரெண்டு, ஜோர்டான் ரெண்டு, மினார்டி ரெண்டு. எல்லாம் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்.

ஃபெராரி ரெண்டும் முதல் ரெண்டு இடத்துக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். (அங்கேயும் சும்மா இல்லை. ஷூமாக்கர் பிட்டிலிருந்து வெளியே வரும்போது பேரிக்கெல்லோ புல்லுக்குள் போய்த்தான் மோதாமல் தப்பித்தார். அவர்களும் ஒரே அணிதான்!) மினார்டி பின்னால். ஆக உண்மையான ரேஸ் ஒன்றே ஒன்று. மேடையில் மூன்றாவது படி யாருக்கு? மான்டீரோவுக்கா, நாராயணுக்கா?

மான்டீரோ மூன்றாவது. நாராயண் நாலாவது.

ஜெயித்த ஃபெராரிக்காரர்கள் ரெண்டு பேரும் மேடையில் முகம் கொடுக்காமல் நின்றார்கள். கூட்டம் கோபத்தில் இருந்தது. மான்டீரோ மட்டும் தனியாகக் கொண்டாடினார். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இனி ஒருதரம் அந்தப் படி கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்? அவருக்குக் கிடைக்கவே இல்லை. நாராயணுக்கு 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அதற்குப் பிறகு வேறு இந்தியர் யாரும் எடுக்கவில்லை.

மான்டீரோ அந்த வருஷம் 19 ரேஸில் 18-ஐ ஓட்டி முடித்தார். பெல்ஜியத்தில் எட்டாவது வந்து ஒரு புள்ளி சேர்த்தார். வருஷக் கடைசிக் கணக்கு 7-க்கு 5. அடுத்த வருஷம் அவர் அதே அணியில் தொடர்ந்தார். நாராயண் வில்லியம்ஸ் அணிக்கு டெஸ்ட் டிரைவராகப் போனார். ரெண்டு புள்ளியால்தான் எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சீட்டுக்குப் பின்னால் காசு, ஸ்பான்சர் என்று எத்தனையோ இருக்கிறது.

பதினேழாம் இடத்தின் ருசி

எனக்கு இதைவிடப் பிடித்தது 2011-ல் நடந்தது. ஹிஸ்பானியா என்று ஒரு ஏழை அணி. எப்போதும் கடைசி வரிசை. வருஷ ஆரம்பத்தில் நாராயண் அதில் ஓட்டினார். ஜூலையில் அவர் சீட்டை டேனியல் ரிக்கார்டோ என்கிற ஆஸ்திரேலிய இளைஞருக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் 30-ம் தேதி, கிரேட்டர் நொய்டாவில் புத் டிராக்கில் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீ. சொந்த நாட்டு ரேஸ் என்பதால் அந்த ஒரு நாளுக்கு லியுஸியின் வண்டி நாராயணுக்குக் கிடைத்தது. பக்கத்து வண்டியில் யார்? அவர் சீட்டுக்கு வந்த அதே ரிக்கார்டோ!

அன்றைக்கு ஜெயித்தது வெட்டல். எனக்கு அது முக்கியம் இல்லை. நாராயண் 17. ரிக்கார்டோ 18. அதே வண்டி, அதே டயர். அந்த ரிக்கார்டோ பிறகு பெரிய அணிகளுக்குப் போய் 8 கிராண்ட் பிரீ ஜெயித்தார் என்று தெரிந்தால், அந்தப் பதினேழாம் இடத்தின் ருசி உங்களுக்கும் புரியும்.

தாத்தா மௌனமாகிற இடம்

தாத்தாவிடம் 1988 என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார். மெக்லாரன் அணியில் ப்ரோஸ்தும் பிரேசில்காரர் அயர்ட்டன் சென்னாவும். 16 ரேஸில் 15-ஐ இந்த ரெண்டு பேரே ஜெயித்தார்கள். சென்னா 8, ப்ரோஸ்த் 7. மொத்தப் புள்ளி ப்ரோஸ்துக்கு 105, சென்னாவுக்கு 94. ஆனால் பட்டம் சென்னாவுக்கு! ஏனென்றால் அப்போது சிறந்த 11 ரேஸை மட்டும்தான் எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் 90-க்கு 87. "எங்க ஆளுக்குத்தாண்டா ஜாஸ்தி!" என்று தாத்தா இன்னும் சண்டை போடுகிறார்.

அடுத்த வருஷம் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதே நின்றுபோனது. 1989 அக்டோபரில் ஜப்பானின் சுசூக்கா டிராக்கில், பட்டத்தை முடிவு செய்கிற ரேஸில், ரெண்டு வண்டியும் மோதி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நின்றன. ஒரே அணி, ஒரே வெள்ளை-சிவப்பு வண்டி! சென்னா தள்ளிவிடச் சொல்லித் திரும்பவும் ஓட்டி முதலில் வந்தார். ஆனால் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பட்டம் ப்ரோஸ்துக்கு. அவர் ஃபெராரிக்குப் போய்விட்டார்.

1994 மே 1, இத்தாலியின் இமோலா. ப்ரோஸ்த் ஓய்வு பெற்று டி.வி.யில் வர்ணனை செய்கிறார். அன்று பிரெஞ்சு டி.வி.க்காக ஓட்டிய ஒரு சுற்றில் சென்னா வண்டியிலிருந்தே ப்ரோஸ்துக்கு வணக்கம் சொல்லி, நீங்கள் இல்லாதது குறையாக இருக்கிறது என்று பேசினார். அன்றைக்கே ரேஸில் சென்னா இறந்துபோனார். சாவ் பாலோவில் அவர் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ப்ரோஸ்தும் ஒருவர். இந்த இடம் வந்தால் தாத்தா பேச்சை நிறுத்திவிட்டு, "பிளக்கு ஆச்சாப்பா?" என்று அப்பாவைக் கேட்பார்.

நம்ம கார்ட்

இனி நம்ம கதை. பன்னிரண்டு பேர் சேர்ந்து கார்ட் கட்டினோம், பார்த்திருப்பீர்கள். பழைய பைக்கின் 150 சி.சி. எஞ்சின். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய ஸ்டீயரிங். கார்ட்டுக்கு டிஃபரென்ஷியல் கிடையாது. பின்னால் ஒரே ஆக்சில். அதில் ஒரு டிஸ்க், ஒரு காலிபர். மொத்த வண்டிக்கும் அந்த ஒரு பிரேக்தான்.

டிரைவர் ரெண்டு பேர். நானும், என் லேத் பார்ட்னரும். முதல் வருஷம் டிராயிங் போர்டு வாங்க எனக்குக் காசு இல்லாதபோது, தன் போர்டிலேயே மாற்றி மாற்றிப் போடலாம் என்று சொன்னவன் அவன். போட்டிக்குப் போகும் முன்பு நம்ம கிரவுண்டில் டயர் அடுக்கி வைத்து ஸ்டாப்வாட்ச் பிடித்தார்கள். அவன் என்னைவிட அரை நொடிக்கும் மேலே வேகம். "முதல் நாள் பிராக்டிஸ்ல யார் வேகமோ அவன்தான் ஃபைனல் ஓட்டணும்" என்று சார் சொல்லிவிட்டார்.

எனக்கு ஃபைனல் வேண்டும். ஏனென்றால் அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். கடையை ஒருநாள்கூட மூடாத மனுஷர். எங்க வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான். மார்க் ஷீட்டைக் காட்டினால், "பாஸ்தானே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்குக் காட்ட எனக்கு வழியே இல்லை. வண்டி ஓட்டினால் அவருக்குப் புரியும்.

குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். காலை பிராக்டிஸில் முதலில் நான். நாலு சுற்று அருமையாகப் போனது. ஐந்தாவது சுற்றில் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது! பதறிப்போய் ரெண்டாவது தடவை மிதித்தேன், பிடித்தது. அடுத்த வளைவிலும் அப்படித்தான். ரெண்டு மிதி மிதித்தால்தான் பிரேக். பிட்டுக்கு வந்து இறங்கினேன்.

"வண்டி எப்படிடா?" என்று சார் கேட்டார்.

"நல்லாருக்கு சார்."

ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவனும் கேட்டான், "ஏதாவது சொல்லணுமாடா?" நான் தலையாட்டினேன். 'பிரேக் தேடி ரெண்டு வளைவில் தடுமாறுவான், ஒரு நொடி போகும், அவ்வளவுதானே' என்று மனசு கணக்குப் போட்டது. இது என் கணக்கு. வேறு யார் மேலும் போட முடியாது.

ஆறாவது சுற்றில் அவன் நேரே போய் டயர் அடுக்கில் மோதினான். டை ராடு வளைந்தது. இடது மணிக்கட்டில் எலும்பில் கீறல். நேரத்துக்குள் வண்டியைச் சரிசெய்து பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஐந்து மாச வேலை, அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்து நான் கொடுத்த பங்கு, பதினொரு பேர் கொடுத்த பங்கு, எல்லாம் அங்கேயே முடிந்தது.

மறுநாள் காலை அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஓரமாகக் கிடந்த வண்டியைப் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து பிரேக் ஆயில் மூடியைத் திறந்தார். ஆயில் டிகாஷன் கலரில் இருந்தது. "தண்ணி கோத்த ஆயில். சூடேறினா பெடல் உள்ள போகும். ஓட்டினவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ ஓட்டும்போது இப்படி இல்லையாப்பா?"

"இல்லப்பா."

அப்பா மூடியைத் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பழி யார் மேல்?

திரும்பி வந்ததும் பழி முழுக்க, பிரேக்கில் ஏர் எடுத்த இரண்டாம் ஆண்டுத் தம்பி மேல் விழுந்தது. "ஒழுங்கா ஏர் எடுக்கத் தெரியாதவனை யாருடா சேர்த்தது?" என்று ஷெட்டில் எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். அவன் அதற்குப் பிறகு ஷெட்டுப் பக்கமே வரவில்லை.

நண்பர்களே, அந்தத் தம்பி ஏர் ஒழுங்காகத்தான் எடுத்தான். தப்பு ஆயிலில். காசு மிச்சம் பிடிக்க, முந்தின வருஷம் திறந்து மீதி வைத்த பாட்டிலையே ஊற்றினோம். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த வரம்பே 140-க்கு வந்துவிடுகிறது. ஒரே டிஸ்க்கில் சூடு ஏறினால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் பெடல் உள்ளேதான் போகும். இதெல்லாம் தெரியாமல் நடந்தது. ஆனால் பெடல் உள்ளே போனது ஒருத்தனுக்குத் தெரிந்திருந்தது. அவன் நான்.

ஒரு மாசம் கழித்துக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பார்ட்னரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட சொல்லலைங்கறதை விடு. பிரேக் போச்சுன்னு தெரிஞ்சே அதே வண்டியில மறுநாள் உங்க அப்பா முன்னாடி நீ ஓட்டியிருப்ப இல்ல? என்னை ஜெயிக்கறதுக்காக உன் வண்டியையே கெட்டுப்போக விட்டிருக்கடா" என்றான். கடைசியாக ஒன்று கேட்டான்: "தம்பிகிட்ட சொன்னியா?"

மறுநாள் போய் அந்தத் தம்பியிடம் சொன்னேன், சாரிடமும் சொன்னேன். தம்பி கோபப்படவில்லை. "என்னை எல்லாரும் இருக்கும்போது திட்டினாங்கண்ணே. நீங்க தனியா வந்து சொல்றீங்க" என்றான்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. எல்லோரும் இருக்கும்போது சொல்கிறேன். தம்பி, தப்பு உன்னுடையது இல்லை. என்னை மன்னித்துக்கொள்.

கூட ஓட்டுகிறவனை ஜெயிக்க ஆசைப்படுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. பதினேழாம் இடத்தில் வந்தாலும் பதினெட்டாம் இடத்துக்காரனை முந்தத்தான் வேண்டும். ஆனால் முந்துவது டிராக்கில். பிட்டுக்குள் வந்துவிட்டால் வண்டி ரெண்டு பேருக்கும் சொந்தம். இப்போது ஷெட் சுவரில் சுண்ணாம்பால் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம்: 'ஹெல்மெட்டைக் கழற்றும் முன் வண்டியின் குறையைச் சொல்.' கையெழுத்து என் பார்ட்னருடையது. ஆயில் பாட்டில் புதுசு. தம்பி திரும்ப வந்துவிட்டான், பிரேக் அவன் பொறுப்புதான்.

ஒருத்தரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மலர் அச்சாகி வந்ததும், இந்தப் பக்கத்தை மடக்கிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். மெதுவாகப் படிக்கட்டும். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் பிரிவு